நண்பனோடு மோதுவது: 'ப்ளே இட் டு த போன்' படம் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவை

எங்கள் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஐந்தாறு பேர் கூடிப் படம் பார்ப்போம். என்ன படம் என்பதை முறை வைத்து ஆளுக்கொரு தடவை முடிவு செய்வோம். என் முறை வந்தபோது 1999 கடைசியில் வெளியான 'ப்ளே இட் டு த போன்' (Play It to the Bone) என்ற அமெரிக்கக் குத்துச்சண்டைப் படத்தைப் போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. அன்று பார்த்தவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் கேட்கிறார்கள், குத்துச்சண்டை பக்கமே போகாதவர்களும் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட மொத்தக் கதையும் இதில் இருக்கிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் சீசர், வின்ஸ் என்று இரண்டு குத்துச்சண்டை வீரர்கள். நெருங்கிய நண்பர்கள். இருவருக்கும் ஒரு காலத்தில் பெரிய வாய்ப்பு வந்து கை நழுவியது, இப்போது வயதும் ஏறிவிட்டது. ஒருநாள் லாஸ் வேகஸிலிருந்து புரமோட்டர், அதாவது சண்டைகளை ஏற்பாடு செய்பவர், ஒருவர் கூப்பிடுகிறார். மைக் டைசன் மோதும் இரவில் அவருக்கு முன்னால் சண்டை போட வேண்டிய இரண்டு பேராலும் வர முடியாமல் போய்விட்டது, நீங்கள் இருவரும் வந்து ஒருவரோடு ஒருவர் மோதுங்கள் என்கிறார். ஜெயிப்பவருக்கு மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவின் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

சீசரின் காதலி கிரேஸ் தன் பச்சை ஓல்ட்ஸ்மொபைல் காரில் இருவரையும் அழைத்துப் போகிறாள். இவள் முன்பு வின்ஸின் காதலியாக இருந்தவள். வழியெல்லாம் பேச்சு, சண்டை, சமாதானம். வேகஸ் போய்ச் சேர்ந்து பத்து ரவுண்டு அடித்துக்கொள்கிறார்கள். டிரா. யாரும் ஜெயிக்கவில்லை என்பதால் பட்ட வாய்ப்பும் யாருக்கும் இல்லை என்று புரமோட்டர் கையை விரித்துவிடுகிறார்.

யார் யார் நடித்திருக்கிறார்கள்?

சீசராக அந்தோனியோ பாண்டெராஸ், வின்ஸாக வுடி ஹாரெல்சன், கிரேஸாக லொலிடா டேவிடோவிச். வழியில் காரில் ஏறிக்கொள்ளும் பெண்ணாக லூசி லியு வருகிறார். புரமோட்டர் டாம் சைஸ்மோர், சூதாட்ட விடுதி முதலாளி ராபர்ட் வாக்னர்.

சண்டையை வர்ணிப்பவர்கள் நடிகர்கள் அல்ல. ஜிம் லாம்ப்லி, லாரி மெர்ச்சன்ட், ஜார்ஜ் ஃபோர்மேன் மூவரும் அப்போது எச்பிஓ தொலைக்காட்சியில் நிஜமாகவே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள். ஃபோர்மேன் இரண்டு தடவை ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) உலகச் சாம்பியன். இந்த மூவர் குரலும் கேட்கத் தொடங்கியதும் படத்துக்கு ஒரு தெம்பு வருகிறது. ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிரபலங்களாக கெவின் காஸ்ட்னர், ஜேம்ஸ் வுட்ஸ், ராட் ஸ்டூவர்ட் எல்லாம் தலைகாட்டுகிறார்கள். "அதோ அவர்", "இதோ இவர்" என்று விரல் நீட்டுவதிலேயே எங்கள் வீட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டது.

இது நிஜக் கதையா?

சீசர், வின்ஸ் இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். சுற்றியிருக்கும் உலகம் மட்டும் நிஜத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. சண்டை நடக்கும் மாண்டலே பே விடுதி 1999 மார்ச்சில்தான் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்கார் டி லா ஹோயாவும் ஃபெலிக்ஸ் டிரினிடாடும் மோதிய பெரிய சண்டை அங்கேதான் நடந்தது. நிஜத்தில் நண்பர்கள் மோதியதுண்டா என்பது வேறு கேள்வி. அதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பெயருக்கு என்ன அர்த்தம்? எலும்பு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் 'போன்' (bone) என்றால் எலும்பு. உடம்பில் எதையும் மிச்சம் வைக்காமல், எலும்பு தெரியும் வரை இறங்கி ஆடு என்பது போல. கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

நல்ல டைரக்டர் என்று சொல்லித்தானே எங்களை உட்கார வைத்தாய்?

ஆமாம், அந்தப் பழி என்மேல்தான். எழுதி இயக்கியவர் ரான் ஷெல்டன். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கீழ்நிலை அணிகளில் பேஸ்பால் ஆடிவிட்டு சினிமாவுக்கு வந்தவர். அதனால் தோற்ற ஆட்டக்காரர்களை உள்ளிருந்து தெரிந்தவர். 1988-இல் 'புல் டர்ஹாம்' என்று அந்தக் கீழ்நிலை பேஸ்பால் உலகத்தைப் படமாக்கினார். 1992-இல் 'ஒயிட் மென் காண்ட் ஜம்ப்', தெருவில் கூடைப்பந்து ஆடிக் காசு பறிக்கும் இரண்டு பேரின் கதை. அதிலும் ஹாரெல்சன்தான். 1996-இல் 'டின் கப்', கோல்ஃப் படம்.

இந்த மூன்றையும் பார்த்த எவரும் அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். உச்சத்துக்குப் போகாத ஆட்டக்காரர்கள், வாயாடிகள், தங்கள் தோல்வியைத் தாங்களே கிண்டல் செய்யத் தெரிந்தவர்கள் என்றால் ஷெல்டனுக்குச் சர்க்கரைப் பொங்கல். நட்பு, துரோகம், பந்தயம் எல்லாம் அவருடைய பழைய களம். அப்படியிருந்தும் ஏன் சரியாக வரவில்லை என்பதற்கு நான் கண்டுபிடித்த காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் சில்லறைச் சந்தேகங்களை முடித்துவிடுவோம்.

விமானத்தில் போனால் ஒரு மணி நேரம். அவசரம் என்கிறார்கள், அப்புறம் ஏன் கார்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேகஸ் ஏறக்குறைய 430 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம். அன்று மாலைக்குள் ஆள் வந்தே ஆக வேண்டும் என்று தவிக்கிற புரமோட்டர் இரண்டு டிக்கெட் வாங்கித் தரமாட்டாரா? அன்றிரவு பத்து ரவுண்டு போட வேண்டியவன் பாலைவன வெயிலில், கூரையைத் திறந்துவிட்ட காரில் உட்கார்ந்து வருவானா? நம்பும்படி ஒரு காரணத்தைப் படம் சொல்லவேயில்லை. கார் இல்லாவிட்டால் பேச்சு இல்லை, பேச்சு இல்லாவிட்டால் படத்தின் பெரும்பகுதி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே காரணம் இதுதான்.

எந்த இடத்திலிருந்து பார்த்தால் போதும்?

படம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பாதிக்கு மேல் பயணமும் விடுதியும்தான். சண்டை மட்டும் போதும் என்றால் இருவரும் உடை மாற்றும் அறைக்குப் போகும் இடத்திலிருந்து ஓடவிடுங்கள். இப்படிச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஒரு சண்டைப் படத்தில் சண்டைக்கு முன்னால் வருவதெல்லாம் அந்தச் சண்டைக்குக் கனம் சேர்க்க வேண்டும். இதில் முன்பாதியை வெட்டி எறிந்தாலும் பின்பாதி கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

அண்ணே, டைசனைப் பார்க்க டிக்கெட் எடுத்தவன் இவர்களை எதற்குப் பார்க்க வேண்டும்? புரமோட்டர் ஏன் இப்படிப் பதறுகிறார்?

பெரிய சண்டைக்கு முன்னால் நடக்கும் சிறிய சண்டைகளுக்கு அண்டர்கார்டு என்று பெயர். கல்யாணத்தில் மாப்பிள்ளை வரும்வரை நாதஸ்வரம் வாசிப்பது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து பணம் கட்டித் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அந்த இரவை மணிக்கணக்கில் நிரப்பியாக வேண்டும். அதிலும் முக்கிய ஆள் டைசன் என்றால் கேட்கவே வேண்டாம். 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். சிறையிலிருந்து வந்தபின் 1995-இல் முதல் சண்டை, பீட்டர் மெக்நீலியோடு, 89 விநாடி. காசு கொடுத்தவன் பாப்கார்னைப் பிரிப்பதற்குள் வீட்டுக்குப் போகச் சொன்னால் சும்மா இருப்பானா?

ஆகையால் முன்சண்டை ஒன்று காலியானால் புரமோட்டருக்குத் தலைவலிதான். இந்த இடத்தில் படம் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

காலையில் போன் பண்ணி ராத்திரியே சண்டையா? நிஜத்தில் விடுவார்களா?

விடமாட்டார்கள். வேகஸில் நெவாடா மாநிலத்தின் தடகள ஆணையம் சண்டைக்கு அனுமதி தர வேண்டும். உரிமம், மருத்துவப் பரிசோதனை, இந்த இருவரும் ஒருவருக்கொருவர் ஈடானவர்களா என்ற பரிசீலனை எல்லாம் உண்டு. எடை பார்ப்பது பெரும்பாலும் முந்தைய நாளே முடிந்துவிடும். மிடில்வெயிட் உச்ச வரம்பு 160 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 72.5 கிலோ. பயிற்சியில் இல்லாத ஒருவன் எழுந்த கையோடு அந்த எடையில் நிற்க முடியாது, அதற்கே வாரக்கணக்கில் பட்டினி கிடப்பார்கள்.

மாற்று ஆளாக வந்து அசத்தியவர்கள் உண்டு. 2019-இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவை வீழ்த்திய ஆண்டி ரூயிஸ் வேறொருவருக்குப் பதிலாகக் கடைசியில் கூப்பிடப்பட்டவர். அந்தக் "கடைசி" என்பதே ஏறக்குறைய ஒரு மாதம். சரி, இது சினிமா, விட்டுவிடலாம். நண்பர்கள் யோசிக்க நேரமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே நாளில் அடக்கியிருக்கிறார்கள். ஆனால் யோசிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் அத்தனை நேரம் உட்கார வைத்ததுதான் எனக்குப் புரியாத கணக்கு.

கிரேஸ் இந்தக் கதையில் என்ன செய்கிறாள்?

கார் ஓட்டுகிறாள். கேலிக்காகச் சொல்லவில்லை, திரைக்கதை அவளுக்குக் கொடுத்த முதல் வேலை அதுதான். எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் பெண். அதற்குப் பணம் போட ஆள் தேடுகிறாள். வேகஸ் போவதில் அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு ஆண்களுக்கும் நடுவில் மாட்டிய பெண்ணாக இல்லாமல் இருவரையும் எடைபோடுகிற பெண்ணாக வருவது நன்றாகவே இருக்கிறது. டேவிடோவிச் நிஜத்தில் ஷெல்டனின் மனைவி. அந்தப் பாத்திரத்தை எழுதியதில் ஒரு பிரியம் தெரிகிறது.

லூசி லியுவைப் பற்றிக் கேட்காதீர்கள். ஏறினார், இறங்கினார்.

சீசர் தன் பழைய கதையைச் சொல்லும் இடம் சங்கடமாக இருந்ததே, நீ எப்படி எடுத்துக்கொண்டாய்?

நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தோற்று நொறுங்கியபின் ஒரு வருடம் தான் ஆண்களோடு உறவில் இருந்ததாக சீசர் சொல்கிறான். வின்ஸ் அதிர்ச்சியாகி அருவருப்போடு வாயில் வந்ததையெல்லாம் பேசுகிறான். 1999-இல் தியேட்டரில் சிரிப்புக்காக எழுதப்பட்ட காட்சி. இன்று பார்க்கும்போது எங்கள் அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்றதும் குத்துச்சண்டை தெரிந்தவர்களுக்கு 1962 மார்ச் 24 ஞாபகம் வரும். எடை பார்க்கும் இடத்தில் பென்னி பரேட் எதிராளி எமில் கிரிஃபித்தை ஓரினச் சேர்க்கையாளர் என்று ஸ்பானிய வசைச்சொல்லால் சீண்டினார். இரவு பன்னிரண்டாம் ரவுண்டில் கயிற்றோரம் சிக்கிய பரேட்டை கிரிஃபித் நிறுத்தாமல் அடித்தார். பத்து நாள் கழித்து பரேட் இறந்துபோனார். ஆண்களையும் பெண்களையும் நேசித்தவன் என்று கிரிஃபித் வெளிப்படையாகப் பேசியது பல பத்தாண்டுகள் கழித்து. களத்தில் இருக்கும்போதே தான் தன்பாலீர்ப்பாளன் என்று அறிவித்த முதல் தொழில்முறை வீரர் ஓர்லாண்டோ குரூஸ், அது 2012-இல். குத்துச்சண்டையில் இவ்வளவு கனமான விஷயத்தைத் தொட்டுவிட்டு, நண்பனின் வெறுப்பு அன்றிரவு குத்துகளில் வெளிப்படுமா என்ற கேள்வியைக்கூடக் கேட்காமல், அடுத்த ஜோக்குக்குப் போய்விடுகிறது படம்.

வின்ஸுக்கு ஏசு தெரிவது எதற்கு?

வின்ஸ் திடீர் பக்தன், ஏசுவை நேரில் பார்ப்பதாக நம்புகிறவன். அடி விழுந்த மூளையின் வேலை என்று பார்த்தால் பரிதாபமாக இருக்கும், நம்பிக்கை என்று பார்த்தால் அழகாக இருக்கும். படம் இரண்டையும் விட்டுவிட்டு வேடிக்கையாக வைத்துக்கொண்டது. ஹாரெல்சனின் முகம் மட்டும் இல்லையென்றால் தாங்கியிருக்காது.

சண்டையில் இத்தனை தடவை விழுகிறார்கள், நடுவர் ஏன் நிறுத்தவில்லை?

நிஜமாக இருந்தால் நிறுத்தியிருப்பார். ஒருவர் விழுந்தால் எழுந்து நின்றாலும் எட்டு எண்ணும் வரை நடுவர் சண்டையைத் தொடர விடக்கூடாது. அந்த நேரத்தில் அவர் கண்ணைப் பார்ப்பார், கால் தள்ளாடுகிறதா என்று பார்ப்பார். ஒரே ரவுண்டில் மூன்று முறை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்ற விதி சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. இல்லாத இடத்திலும் நடுவரும் மருத்துவரும் எந்த நொடியிலும் நிறுத்தலாம்.

வேகஸுக்கு இதில் ஒரு வடு இருக்கிறது. 1982 நவம்பரில் அங்கே ரே மான்சினியோடு பதினான்காம் ரவுண்டு வரை போராடிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாளில் இறந்தார். பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்குக் குறைந்தது அதற்குப் பிறகுதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் சண்டை, விழுந்தவனுக்கு வலியே இல்லாத கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறது. நடிகர்கள் நன்றாகவே குத்துகிறார்கள், கால் வைப்பு, தோள் அசைவு எல்லாம் சரி. கூட்டியதுதான் அதிகம். பாதி நாக்டவுனை (அடிபட்டு விழுவதை) குறைத்திருந்தால் மீதிப் பாதி உறைத்திருக்கும்.

பத்து ரவுண்டு அடித்துக்கொண்டு டிரா என்கிறார்களே, கணக்கு எப்படி?

ரிங்கைச் சுற்றி மூன்று ஜட்ஜ்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. விழுந்திருந்தால் 8. இருவரும் ஒரே ரவுண்டில் ஒருவரையொருவர் வீழ்த்தினால் அது ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். கடைசியில் மூவரும் சமம் என்றாலும் டிரா, இருவர் சமம் என்றாலும் டிரா. ஒருவர் இவருக்கும் இன்னொருவர் அவருக்கும் மூன்றாமவர் சமமாகவும் கொடுத்தாலும் டிராதான். மாறி மாறி விழுகிற இந்தப் படத்தின் சண்டைக்கு அது பொருத்தமான முடிவு.

படம் வந்த அதே 1999-இல், மார்ச் 13 அன்று, இவாண்டர் ஹோலிஃபீல்டும் லெனக்ஸ் லூயிஸும் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதி டிரா ஆனது. ஒரு ஜட்ஜ் லூயிஸுக்கு 116-113, ஒருவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113, ஒருவர் 115-115. பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு லூயிஸ்தான் ஜெயித்ததாகத் தோன்றியது. பெரிய கூச்சல் கிளம்பி, நவம்பரில் வேகஸில் மறுபடி மோதவிட்டார்கள், லூயிஸ் ஜெயித்தார். டிரா என்ற சொல்லே அந்த வருடம் குத்துச்சண்டை ரசிகர்களுக்குக் கசந்திருந்தது.

அப்படியே புரமோட்டர் வாக்கு மாறலாமா? கேஸ் போட முடியாதா?

அவர் சொன்னது "ஜெயிப்பவருக்கு" என்பது. டிராவில் ஜெயித்தவர் இல்லை. வார்த்தைப்படி அவர் வாக்கு மாறவே இல்லை, அதுதான் எரிச்சல். இதோடு, யார் பட்டத்துக்கு மோதலாம் என்பதைப் புரமோட்டர் நேரடியாகக் கொடுக்க முடியாது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நாலு அமைப்புகள் வைத்திருக்கும் தரவரிசைதான் வழி. புரமோட்டருக்கு அங்கே செல்வாக்கு இருக்கலாம். 1999 நவம்பரில் ஐபிஎஃப் தலைவர்மீதே தரவரிசைக்குப் பணம் வாங்கியதாக அமெரிக்காவில் வழக்கு வந்தது. லஞ்சக் குற்றச்சாட்டு நிற்காமல், வேறு பணக் குற்றங்களுக்காக அவர் பின்னால் சிறைக்குப் போனார்.

சட்டம் வந்தது 2000 மே மாதம். முகமது அலியின் பெயரில் இருக்கும் அந்தக் குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் புரமோட்டர் வீரரிடம் சொல்ல வேண்டும் என்கிறது, அடிமை ஒப்பந்தங்களுக்கும் கடிவாளம் போடுகிறது. சீசரும் வின்ஸும் சில மாதம் முந்திவிட்டார்கள். சட்டம் இருந்திருந்தாலும் காரில் வரும்போது வாய் வார்த்தையை நம்பியவர்களுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்பது தனிக்கதை.

நிஜத்தில் நண்பர்கள் இப்படி மோதியிருக்கிறார்களா?

மோதியிருக்கிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது லாரி ஹோம்ஸ். 1970-களில் முகமது அலியின் பயிற்சி முகாமில் ஸ்பேரிங் கூட்டாளி. அதாவது அலி பயிற்சி எடுப்பதற்காக அவரிடம் அடிவாங்கியும் அவரை அடித்தும் சம்பளம் வாங்கியவர். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸ். இப்போது ஹோம்ஸ் சாம்பியன், அலிக்கு வயது 38, ஓய்விலிருந்து திரும்பி வந்திருக்கிறார். ரவுண்டுக்கு ரவுண்டு ஹோம்ஸ்தான். அலியால் ஒன்றும் முடியவில்லை. நிறுத்தமாட்டீர்களா என்பது போல ஹோம்ஸ் நடுவரைப் பார்க்கிறார். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் மூலையில் இருந்த ஆஞ்சலோ டண்டீ சண்டையை முடித்துவைத்தார். ஜெயித்த ஹோம்ஸ் அன்று அழுதார்.

மோதவே மாட்டோம் என்று இருந்தவர்களும் உண்டு. உக்ரைனின் கிளிச்கோ சகோதரர்கள் விட்டாலி, விளாடிமிர் இருவரும் ஒரே காலத்தில் ஹெவிவெயிட் பட்டங்களைப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் மோதினால் பணம் கொட்டியிருக்கும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக் கடைசிவரை மோதவில்லை.

சண்டை நன்றாகத்தானே இருந்தது? உனக்கு என்னதான் குறை?

மேலே ஹோம்ஸ் அழுததைச் சொன்னேன் அல்லவா, அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே ரிங்கில் நின்றவர்களுக்கு எதிராளியின் மூச்சு எப்போது வாங்கும், எந்தப் பக்கம் அடித்தால் கை தாழும், பழைய காயம் எந்த விலாவில் என்று எல்லாம் தெரியும். நண்பன் தன்னை நம்பிக் காட்டிய பலவீனம் அது. பட்டம் வேண்டுமென்றால் அந்த விலாவில்தான் குத்த வேண்டும். நண்பர்கள் எதிரெதிரே நிற்கும் கதையின் உயிர் இங்கே இருக்கிறது. குத்துவானா மாட்டானா, குத்தினால் மற்றவன் கண்ணில் என்ன தெரியும்?

இந்தப் படம் அந்த ஒற்றை விஷயத்தைக் காட்டவில்லை. சீசரும் வின்ஸும் சேர்ந்து பயிற்சி செய்வதை நாம் பார்ப்பது சொற்பம். அவன் உடம்பைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்பது நமக்குத் தெரியாது. நாம் பார்ப்பதெல்லாம் காரில் பேசும் இருவரை. பேச்சும் பெண்ணைப் பற்றி, ஏசுவைப் பற்றி, பழைய தோல்வியைப் பற்றி. ஆகவே மணி அடித்ததும் நல்ல இரண்டு சண்டைக்காரர்கள் தெரிகிறார்கள், நண்பர்கள் தெரியவில்லை. யாரோ இரண்டு பேர் மோதியிருந்தாலும் இதே சண்டைதான். கேள் என்று கெஞ்சிய கேள்வியைக் கேட்காமலே வேகஸ் வரை ஓட்டிவிட்டார் ஷெல்டன், அதுதான் என் ஏமாற்றம்.

மற்ற படங்களில் பேச்சை வைத்தே ஜெயித்த ஆள், இதில் மட்டும் ஏன் சறுக்கினார்?

இதை யோசிக்க எனக்கு இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருந்தது. ஷெல்டனின் பலம் ஆட்டத்துக்குள் நடக்கும் பேச்சு. பேஸ்பாலில் நிற்கும் நேரம் அதிகம், ஆட்டக்காரர்கள் நடுக்களத்தில் கூடி நின்று ஊர்வம்பு பேசலாம். கோல்ஃபில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நடந்துகொண்டே பேசலாம். தெருக் கூடைப்பந்தில் பாதி ஆட்டமே எதிராளியின் அம்மாவைத் திட்டுவதுதான். அங்கெல்லாம் வசனமும் விளையாட்டும் ஒன்றாகப் பின்னியிருக்கும்.

குத்துச்சண்டையில் வாயில் ரப்பர் காப்பு இருக்கிறது. மூன்று நிமிடம் பேச முடியாது. நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் தண்ணீர், வாசலின், ரத்தத்தை நிறுத்தப் பஞ்சு, காதில் பயிற்சியாளரின் கத்தல். நண்பனோ எதிர் மூலையில். ஆக ஷெல்டனின் ஆயுதம் ரிங்குக்குள் செல்லாது. பேச்சு முழுவதையும் தூக்கிக் காரில் வைத்துவிட்டார், அடியை ரிங்கில் வைத்துவிட்டார். இரண்டும் இரண்டு படமாகப் போய்விட்டன. அந்த ரிங்கில் வார்த்தை இல்லாமல் நட்பைச் சொல்ல உடம்பை வைத்து எழுதியிருக்க வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன விலா.

படம் ஓடியதா?

இல்லை. அமெரிக்கத் தியேட்டர்களில் வசூல் சுமார் 84 லட்சம் டாலர், எடுத்த செலவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். விமர்சகர்களும் பெரும்பாலும் தூக்கி எறிந்தார்கள். பிடித்தவர்களும் உண்டு, எங்கள் குழுவிலேயே ஒருவர் இன்னும் எனக்காக வாதாடுகிறார்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

வேண்டாம். கெட்ட வார்த்தை, நிர்வாணம், ரத்தம் எல்லாம் தாராளம். என் மாமா நடுவில் எழுந்துபோய்ப் பால்கனியில் நின்றுகொண்டார்.

சரி, எங்கள் சனிக்கிழமையை வீணாக்கினாய். பதிலுக்கு எதைப் பார்ப்பது?

நிஜச் சண்டை ஒன்று. ஆர்ட்டுரோ கட்டி, மிக்கி வார்ட். முதல் சண்டை 2002 மே 18, கனெக்டிகட் மாநிலத்தில். அதை வர்ணித்தவர்களிலும் இந்தப் படத்தில் கேட்ட லாம்ப்லியும் மெர்ச்சன்டும் இருக்கிறார்கள், குரலை உடனே கண்டுபிடிப்பீர்கள். ஒன்பதாவது ரவுண்டை மட்டும் பார்த்தாலும் போதும். தொடங்கிய வேகத்தில் வார்ட் இடது கையால் கட்டியின் விலாவுக்குக் கீழே ஒன்று விடுகிறார், கட்டி மண்டியிட்டுச் சரிகிறார். முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது எழுந்து வந்து திருப்பி அடிக்கிறார். அந்த மூன்று நிமிடத்தில் நாக்டவுன் ஒன்றே ஒன்று. நம் படத்தின் மொத்த நாக்டவுனையும் சேர்த்து வைத்தாலும் அதன் அருகில் வராது.

முதல் சண்டை வார்டுக்கு, அடுத்த இரண்டும் கட்டிக்கு. கடைசிச் சண்டை 2003 ஜூனில், வார்ட் அதோடு ஓய்வு பெற்றார். இந்த இருவரும் நமது படத்துக்குத் தலைகீழ், எதிராளிகளாகத் தொடங்கி நண்பர்களானவர்கள். 2007 ஜூலையில் கட்டி தன் கடைசிச் சண்டைக்கு வந்தபோது அவர் மூலையில் பயிற்சியாளராகத் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றது மிக்கி வார்ட். அந்தச் சண்டையில் கட்டி தோற்றார். அடுத்த என் முறைக்கு முதலில் ஒன்பதாவது ரவுண்டு, அப்புறம் இந்த மூலையைப் போடுகிறேன். மாமாவையும் கூப்பிடலாம்.